கருத்துக்குக் கூலி கொடுத்தால் எழுத்தின் தரம் என்னவாகும்?



சரக்கு நல்லதா, கெட்டதா என்று சொல்வது முன்பெல்லாம் நம்முடைய வேலையாக இருந்தது. துவரம்பருப்பு சீக்கிரம் வேகுமா, புளி இந்த வருஷத்துப் புளிதானா, எந்தக் கம்பெனி மிக்சி நாள்பட உழைக்கும் என்றெல்லாம் வாடிக்கையாளர் கேட்பார், கடைக்காரர் சொல்வார். சொன்னதில் பொய் இருந்தால் அந்த வாடிக்கையாளர் மறுமாதம் எதிர்க்கடையில் நிற்பார். இந்தப் பயமே நம் நாக்கைக் கட்டி வைத்திருந்தது.

இன்று அந்த வேலையில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. செல்போனைத் திறந்தால் எந்தப் பொருளுக்கும், எந்தக் கடைக்கும் நட்சத்திரங்களும் அவற்றின் கீழே நாலு வரிக் கருத்தும் இருக்கின்றன. எழுதியவர் யார், எந்த ஊர், பொருளை உண்மையிலேயே வாங்கினாரா என்பது நமக்குத் தெரியாது. ஆனாலும் அதைப் படித்துவிட்டுத்தான் வாடிக்கையாளர் நம் படியேறுகிறார். ஆகவே அந்த நாலு வரி எப்படி உண்டாகிறது, அதற்குப் பின்னால் காசு இருக்கிறதா, இருந்தால் அது எழுத்தை என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியது நமது கடமையாகிறது.

எபினியன்ஸ் தந்த பாடம்

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் 1999-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அமெரிக்காவில் எபினியன்ஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. நிறுவியவர்களில் நிரவ் தோலியா, நவல் ரவிகாந்த், ராமநாதன் குஹா ஆகியோர் அடங்குவர். இவர்களில் குஹா நமது சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். கேமராவோ, காரோ, குழந்தைகளின் பொம்மையோ எதுவானாலும் பயன்படுத்திப் பார்த்தவர் அதைப் பற்றி விரிவாக எழுதலாம் என்பது அவர்கள் திட்டம். எழுதியதை மற்றவர்கள் படித்தால் எழுதியவருக்குச் சில சென்ட் காசு சேரும்.

சாதாரண வாடிக்கையாளரின் கருத்துக்கும் ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்தான். பலர் ஆர்வத்தோடு எழுதினார்கள். பொருளின் நிறை குறைகளை எடுத்துச் சொல்லும் நீண்ட கட்டுரைகள் சேர்ந்தன.

ஆனால் படிக்கப்படும் தடவையை எண்ணிக் காசு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளும் வேலை நமக்குத் தெரியும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் கை வேகமாக ஓடும்; கிள்ளாத காம்பும் கூடவே ஓடும். நாள் கூலி பேசினால் வேலை சுத்தமாக இருக்கும். மூட்டைக் கணக்கு குறையும். இரண்டிலும் ஆள் ஒருவரே. கூலி பேசிய விதம்தான் வேறு.

எழுத்திலும் அப்படித்தான். படிப்பவர் எண்ணிக்கைக்குக் காசு என்றால், தனக்கு நன்றாகத் தெரிந்த பொருளைப் பற்றி எழுதாமல் பலரும் தேடுகிற பொருளைப் பற்றி எழுதத் தோன்றும். ஒரு நல்ல கட்டுரைக்குச் செலவழிக்கும் நேரத்தில் பத்து அரைகுறைக் கட்டுரைகளை எழுதத் தோன்றும். "உன்னுடையதை நான் திறக்கிறேன், என்னுடையதை நீ திற" என்று நாலு பேர் கூடிப் பேசிக்கொள்ளவும் வழி பிறக்கும்.

எபினியன்ஸ் நிறுவனத்தார் இந்த அபாயத்தை அறியாதவர்கள் அல்லர். தனக்கு நம்பிக்கையானவர் யார், நம்பத் தகாதவர் யார் என்று ஒவ்வொரு உறுப்பினரும் பட்டியல் போட்டுக்கொள்ள வழி செய்தார்கள். நம்பிக்கை வலை என்று அதற்குப் பெயர். பலரால் நம்பப்பட்டவரின் எழுத்து முன்னால் வரும். கட்டுரை உதவியாக இருந்ததா என்று படித்தவர்களே மதிப்பெண் போடுவார்கள். காசு கணக்கிடும் முறையையும் மாற்றினார்கள். படித்தவர் ஒரு முடிவுக்கு வர அந்த எழுத்து எவ்வளவு உதவியது என்பதைப் பொறுத்து வருவாயில் பங்கு என்று வைத்தார்கள். பொருளைப் பாராட்டி எழுதினாலும் பங்கு உண்டு, குறை சொல்லி எழுதினாலும் பங்கு உண்டு. துல்லியமான கணக்கை மட்டும் வெளியிடவில்லை. வெளியிட்டால் அதற்கேற்றபடி தில்லுமுல்லு செய்வார்கள் என்பதே காரணம்.

அந்த நிறுவனம் 2003-ல் டீல்டைம் என்ற நிறுவனத்தோடு இணைந்து ஷாப்பிங்.காம் ஆயிற்று. 2005-ல் அதை ஈபே நிறுவனம் ஏறத்தாழ 62 கோடி டாலருக்கு வாங்கியது. 2014-ல் எபினியன்ஸ் புதிய கருத்துகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. அது இன்று இல்லாவிட்டாலும் அது விட்டுச்சென்ற பாடம் இருக்கிறது. கூலியைப் பாராட்டோடு முடிச்சுப் போடாமல் பயனோடு முடிச்சுப் போட வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

காசு வந்தால் யார் எழுதுகிறார்?

காசு, எழுதுகிற முறையை மட்டுமா மாற்றுகிறது? எழுதுகிற ஆளையே மாற்றிவிடுகிறது.

இது பற்றிய ஓர் ஆய்வு 2017-ஆம் ஆண்டு மார்க்கெட்டிங் சயன்ஸ் என்ற ஆய்விதழில் வெளிவந்தது. பொருள்களைப் பற்றி உறுப்பினர்கள் கருத்து எழுதும் ஒரு தளத்தில், காசு கொடுக்கத் தொடங்குவதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று பார்த்திருக்கிறார்கள். அதிக நட்பு வட்டம் இல்லாத உறுப்பினர்கள் காசு வந்தபின் கூடுதலாக எழுதினார்கள். பலரோடு நட்புக் கொண்டு அந்த இடத்தின் தூண்களாக இருந்தவர்களோ எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதற்குக் காரணம் நம் கடைவீதியிலேயே இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் சாப்பிடப் போகும்போது "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நாம் பார்த்துக்கொள்கிறோம். திரும்பி வந்து அவர் நம் கையில் பத்து ரூபாயைத் திணித்தால் நமக்கு எப்படி இருக்கும்? மறுநாள் அவர் கடைப்பக்கம் கண் போகாது. மதிப்புக்காகச் செய்த காரியத்துக்குக் கூலி கொடுத்தால், செய்தவர் தம்மைக் கூலியாளாகப் பார்க்கத் தொடங்குகிறார். பார்க்கிறவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். "காசுக்காகத்தானே எழுதுகிறான்" என்ற பேச்சுக்கு அஞ்சி நல்லவர் ஒதுங்கிக்கொள்கிறார்.

உப்பிட்டவரை மறக்காத நாக்கு

இதுவரை சொன்னது, கருத்தை வெளியிடும் நிறுவனம் கொடுக்கும் கூலியைப் பற்றி. சரக்கை விற்கிறவரே கூலி கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஈபேயில் பொருள் விற்று ஆய்வாளர்கள் சிலர் ஒரு சோதனை செய்தார்கள். 2015-ல் அதன் முடிவு வெளியாயிற்று. கருத்து எழுதினால் பணத்தில் சிறு பகுதி திரும்பக் கிடைக்கும், நல்லதாக எழுதினாலும் சரி, கெட்டதாக எழுதினாலும் சரி என்று அறிவித்தார்கள். சேவை மோசமாக இருந்த இடத்திலும், காசு பெற வாய்ப்பிருந்தவர்கள் குறை சொல்வது குறைந்து போயிற்று. "என்னைப் புகழ்" என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற மனம் குறை சொல்லத் தயங்குகிறது. அது மனித இயல்பு. ஆனால் அடுத்து வாங்க வருகிறவருக்கு அந்த நன்றியுணர்ச்சியால் நஷ்டமே.

இதிலிருந்து அடுத்த படி நேர்ப் பொய். காசு வாங்கிக்கொண்டு பொய்யான பாராட்டு எழுதித் தருவதாக ஃபைவர் என்ற தளத்தில் கடை விரித்திருந்த 1,114 பேர் மீது அமேசான் நிறுவனம் 2015 அக்டோபரில் வழக்குத் தொடர்ந்தது. ஒரு பாராட்டின் விலை 5 டாலர் வரைக்கும் இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டே, இலவசமாகவோ தள்ளுபடியிலோ பொருளைப் பெற்றுக்கொண்டு கருத்து எழுதும் முறையை அமேசான் தடை செய்தது; தானே ஆட்களைத் தேர்ந்தெடுத்து நடத்தும் வைன் என்ற திட்டத்துக்கும் புத்தகங்களுக்கும் மட்டும் விலக்கு அளித்தது. 2024-ல் அமெரிக்க அரசின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பொய்க் கருத்துகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்து விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு மீறலுக்கும் 50 ஆயிரம் டாலருக்கு மேல் அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

கூலி வாங்காதவர் எல்லாம் உத்தமரா?

அப்படியானால் காசே கூடாது என்று சொல்லிவிடலாமா? அதுவும் சரியல்ல.

சும்மா எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் மிகவும் மகிழ்ந்தவர்களாகவோ, மிகவும் கோபமுற்றவர்களாகவோதான் இருக்கிறார்கள். சரக்கு சுமாராக இருந்தது என்று எழுத யாரும் மெனக்கெடுவதில்லை. ஆகவே ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் குவிகின்றன. நடுவில் இடம் காலியாகக் கிடக்கிறது. பத்து மிக்சியை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு மாவரைத்து, எது சூடாகிறது, எது நிற்கிறது என்று எழுதுவதற்கு நேரமும் பணமும் வேண்டும். அந்த உழைப்பை ஓசியில் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அமெரிக்காவில் 1936-ல் தொடங்கி இன்றளவும் நடந்துவரும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமைப்பைப் பாருங்கள். சோதித்து எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு. ஆனால் பொருளைக் கடையில் சாதாரண வாடிக்கையாளர் போலவே விலை கொடுத்து வாங்குகிறார்கள். பத்திரிகையில் கம்பெனி விளம்பரம் கிடையாது. கூலி இருக்கிறது; ஆனால் அது படிக்கிறவர் பணத்திலிருந்து வருகிறது, விற்கிறவர் கல்லாவிலிருந்து வருவதில்லை.

ஆக, எழுத்தைக் கெடுப்பது காசு அல்ல. அந்தக் காசை யார் கொடுக்கிறார், எதற்குக் கொடுக்கிறார் என்பதே தரத்தைத் தீர்மானிக்கிறது. உழைப்புக்குக் கொடுத்தால் உழைப்பு வளரும். எண்ணிக்கைக்குக் கொடுத்தால் எண்ணிக்கை வளரும். புகழ்ச்சிக்குக் கொடுத்தால் பொய் வளரும்.

நமக்கு என்ன?

"நாம் மளிகைக் கடை வைத்திருக்கிறோம், இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கவலை" என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், யெல்ப் என்ற தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் தனி முதலாளிகளின் உணவகங்களுக்கு வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது தெரிந்தது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய உணவகங்களுக்கோ அதனால் பலன் தென்படவில்லை. ஊரறிந்த பெயருக்கு நட்சத்திரம் தேவையில்லை. நம்மைப் போன்ற சிறிய கடைகளுக்குத்தான் அதனால் லாபமும் நஷ்டமும்.

இதை அறிந்தவர்கள் கடைக்காரரைத் தேடி வருகிறார்கள். இத்தனை ரூபாய் கொடுத்தால் கூகுளில் இத்தனை ஐந்து நட்சத்திரம் என்று பேரம் பேசுகிறார்கள். எதிர்க்கடைக்கு நட்சத்திரம் கூடியிருக்கிறதே என்ற ஏக்கத்தில் மனம் சலனப்படுவது இயற்கைதான். நமது யோசனை இதுதான்: அந்தச் சரக்கை வாங்காதீர்கள். காசு, தள்ளுபடி, இலவசம் கொடுத்துக் கருத்து எழுத வைப்பதைக் கூகுளே தன் விதிகளில் தடை செய்திருக்கிறது, கண்டுபிடித்தால் நீக்கிவிடும். "ஐந்து நட்சத்திரம் போட்டால் கால் கிலோ சர்க்கரை இலவசம்" என்று எழுதி ஒட்டுவதும் இதில் அடங்கும். நமது நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தர நிர்ணயத்தை வெளியிட்டது. எழுதுகிறவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்ப்பது, கருத்துகளைப் பாரபட்சமின்றி வெளியிடுவது ஆகியவை பற்றி அது பேசுகிறது. வெளியிட்டபோது அது விருப்பத்தின் பேரில் பின்பற்றத்தக்கதாகவே இருந்தது. ஆனால் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதை அது காட்டுகிறது.

பின் என்ன செய்யலாம்? திருப்தியானவர், திருப்தியில்லாதவர் என்று பிரிக்காமல், வருகிற எல்லோரிடமும் "உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்கலாம். அதற்குக் கூலி தேவையில்லை. குறை எழுதியவருக்குக் கோபப்படாமல் இரண்டு வரியில் பதில் எழுதலாம். எடை குறைந்தது என்றால் எடை போட்டுக் கொடுக்கலாம், பருப்பில் வண்டு என்றால் மாற்றிக் கொடுக்கலாம். அந்தப் பதிலைப் பின்னால் படிக்கிறவர் நூறு பேர்.

மூட்டையைப் பிரிக்காமலே குத்தூசியால் சரக்குப் பார்க்கிறோம். ஊசியில் வருகிற ஒரு பிடி, மூட்டைக்குள் இருப்பதைக் காட்டும் என்ற நம்பிக்கையில்தான் மண்டி வியாபாரம் நடக்கிறது. வாடிக்கையாளரின் கருத்தும் அந்த ஒரு பிடி போன்றதே. மேலே மட்டும் நல்ல சரக்கைப் போட்டுக் கட்டிய மூட்டைக்கு மண்டியில் என்ன பெயர் என்று நமக்குத் தெரியும். அந்தப் பெயர் நம் கடைக்கு வரவேண்டாம்.