சட்டைப்பைக் கத்தி



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, நம் பங்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர் தம் 18 வயது மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். அவர் முகத்தில் கோபமும் கலக்கமும் ஒருங்கே தெரிந்தன. "சாமி, இவனுக்குக் கத்தி வேண்டுமாம். படிக்கிற பிள்ளைக்குக் கத்தி எதற்கு? நீங்களே கேளுங்கள்" என்றார்.

மகன் வேளாண்மைப் பட்டயப் படிப்பு மாணவன். விடுமுறை நாள்களில் தந்தையோடு வயலில் பாடுபடுகிறவன். தான் வாங்க விரும்பிய கத்தியின் படத்தைக் கைப்பேசியில் காட்டினான். பித்தானை அழுத்தியதும் விசையால் பாய்ந்து திறக்கும், இருபுறமும் கூரேற்றிய, கறுப்பு நிறக் கத்தி அது. அதைக் கண்டதும் நமக்கே மனம் சற்றுத் துணுக்குற்றது.

மகனைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு, தந்தை தாழ்ந்த குரலில் பேசினார். அவருடைய அண்ணன் இளமையிலேயே, ஒரு திருவிழா இரவில், வாய்ச்சண்டை ஒன்றில் குத்துண்டு இறந்தவர். "பெரிய பகை ஒன்றும் இல்லை, சாமி. அவன் இடுப்பில் கத்தி இல்லாதிருந்தால் இரண்டு அறையோடு முடிந்திருக்கும்" என்றார். அவருடைய இசைவு பெற்றே இதனை இங்கு எழுதுகிறோம். அவர் அச்சம் வீண் அச்சம் என்று எவர்தாம் சொல்லத் துணிவர்?

மகன் திரும்பி வந்ததும் ஒரே ஒரு வினாவைத்தான் கேட்டோம். "தம்பி, இதை எதற்காக வைத்துக்கொள்ளப் போகிறாய்?"

"உரமூட்டை பிரிக்க, சொட்டுநீர்க் குழாய் அறுக்க, சணல் கயிறு வெட்ட. இப்போதெல்லாம் பல்லால்தான் கடிக்கிறேன், சாமி."

'பாதுகாப்புக்காக' என்று அவன் விடையளித்திருப்பானாயின், நாம் தந்தையின் பக்கமே நின்றிருப்போம். பாதுகாப்புக்கென்று கத்தியைச் சுமப்பவன், சண்டையைத் தன் சட்டைப்பையிலேயே சுமந்து திரிகிறான். ஆனால் சணல் கயிற்றுக்காகக் கத்தி கேட்கும் பிள்ளையை மறுத்துரைப்பதற்குக் காரணம் இல்லை. "நீ கேட்பது நியாயம், நீ காட்டிய கத்திதான் பொருந்தாது" என்று சொன்னோம். அன்று அவர்கள் இருவருக்கும் கூறியவற்றை, இதே வினா எழும் பிற குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரித்துரைக்கிறோம்.

மடக்குக் கத்தி நம்மவர்க்குப் புதிதன்று. ஓலைச்சுவடி எழுதிய நம் முன்னோர், எழுத்தாணியோடு கத்தியையும் இணைத்து மடக்கெழுத்தாணி என்று வைத்திருந்தனர். நாவிதரின் சவரக்கத்தியும் மடங்குவதே. மேலைநாட்டாரோ வாத்திறகைச் சீவி எழுதுகோலாக்கச் சிறு கத்தி வைத்திருந்தனர். இன்று நாம் வழங்கும் 'பேனாக்கத்தி' என்னும் பெயரின் வரலாறு இதுவே. எழுதுவோர் கையில் பிறந்த கருவி இது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அதன்மேல் நமக்குள்ள அச்சம் சற்றே தணிகிறதன்றோ?

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம்.

முதலாவது, நீளம். நாள்தோறும் நாம் வெட்டுவன யாவை? கயிறு, பொட்டலம், கடித உறை, எலுமிச்சை, கொய்யா, மாலை கட்டும் நார். இவற்றுக்கு 6 முதல் 8 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள அலகு போதும். அதற்கு மேற்பட்ட நீளம் பெரும்பாலும் பிறர் கண்டு அஞ்சுவதற்கே உதவும். பிறரை அஞ்சச் செய்வது நம் நோக்கமன்றே! முதுகுப்புறம் மழுங்கலாகவும் ஒருபுறம் மட்டுமே கூராகவும் இருத்தல் வேண்டும். கடினமானதை அறுக்கையில் அலகின் முதுகில் கட்டைவிரலை ஊன்றி அழுத்துகிறோம். இருபுறமும் கூராயின், அங்கே அறுபடுவது நம் விரலே. அப்பிள்ளை விரும்பிய கத்தி வயல் வேலைக்கு உதவாதென்று நாம் கூறியதற்கு முதற் காரணம் இதுதான்.

இரண்டாவது, உலோகம். கரிம எஃகு எளிதில் கூரேறும். ஆனால் எலுமிச்சை பட்டால் கறுக்கும், ஈரம் பட்டால் துருவேறும். வாழைக்காய் அரிந்த இரும்புக் கத்தியைக் கழுவாமல் வைத்துவிட்டு மாமியாரிடம் வசவு வாங்கிய மருமகள்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. துருப்பிடிக்கா எஃகு என்பது குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்தது. அது கரிம எஃகைப்போல் எளிதில் கூரேறாவிடினும், வியர்வையையும் உப்புக்காற்றையும் தாங்கும். கடலோரத்தில் வாழ்வோரும், சட்டைப்பையிலேயே கத்தியை வைத்திருப்போரும் இதையே கொள்வது நலம். துருப்பிடிக்கா எஃகு என்ற பெயரை நம்பி அதை ஈரத்தோடு மடக்கி வைத்தலும் ஆகாது.

மூன்றாவது, பூட்டு. இதுவே தலையாயது. மடக்குக் கத்திகளுள் சிலவற்றில், அலகைத் திறந்த நிலையில் நிறுத்துவது முதுகுப்புறத்து வில் ஒன்றே. அதன் இறுக்கத்தை மிஞ்சி அழுத்தினால் அலகு மடங்கி விரல்களின் மேல் விழும். வேறு சிலவற்றில், அலகு திறந்ததும் ஒரு தகடோ வளையமோ வந்து தடுத்து நிற்கும்; அதை விலக்கினாலன்றி மடங்காது. குருமடத்தில் பயின்ற நாள்களில், சந்தையில் வாங்கிய பூட்டில்லாக் கத்தியின் முனையால் பலகை ஒன்றில் துளையிட முயன்றோம். அந்த அறியாமையின் தழும்பு இன்றும் நம் வலது சுட்டுவிரலில் உள்ளது. பூட்டில்லாக் கத்தியால் அறுக்கலாம். குத்தவும் நெம்பவும் கூடாது. வயல்வேலைக்குச் செல்வோர் பூட்டுள்ளதையே தேர்க.

நான்காவது, துணைக்கருவிகள். இங்கே ஒரு வரலாறு சொல்லத்தக்கது. சுவிட்சர்லாந்தின் ஈபாக் என்னும் ஊரில் கார்ல் எல்சனர் என்பவர் 1884ஆம் ஆண்டு கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1891இல் தம் நாட்டுப் படைவீரர்க்கு மடக்குக் கத்திகளை வழங்கலானார். அப்படைவீரர் கத்தியில் இருந்தவை நான்கே: அலகு, துளையூசி, தகரக்குவளை திறப்பான், திருப்புளி. உணவுக் குவளையைத் திறக்கவும், துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கவுமே அது வேண்டப்பட்டது. 1897இல் அதனினும் இலகுவான அதிகாரிகள் கத்தி வந்தது. 1909இல் தம் தாய் விக்டோரியா இறந்தபின், அவ்வன்னையின் பெயரையே எல்சனர் தம் கத்திகளுக்குச் சூட்டினார். 1921இல் துருப்பிடிக்கா எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்து 'விக்டோரினாக்ஸ்' ஆயிற்று. உலகெங்கும் சட்டைப்பைகளில் உறங்கும் அச்சிவப்புக் கத்தியின் பெயருக்குள் ஒரு தாயின் பெயர் உள்ளதென்பதைப் பலர் அறியார். கருவிகள் பெருகப் பெருகக் கத்தி தடிக்கும். தடித்த கத்தி மேசை இழுப்பறையில் தங்கிவிடும். வீட்டில் கிடக்கும் முப்பது கருவிகளினும் கையிலுள்ள நான்கு கருவிகளே மேலானவை.

ஐந்தாவது, கடையில் சோதித்தல். அலகைத் திறந்து, பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஆட்டம் கூடாது. பூட்டு முழுமையாகப் பொருந்துகிறதா என்று காணுங்கள். மடக்கியபின் முனை கைப்பிடிக்குள் முற்றிலும் அடங்கவேண்டும். சிறிது வெளியே நின்றாலும் சட்டைப்பையும் விரலும் கிழியும். வாங்குபவர் எவரோ அவரே திறந்து மூடிப் பார்க்கவேண்டும். தந்தையின் கைக்கு எளிதானது மகளின் கைக்குக் கடினமாகலாம்.

ஆறாவது, சட்டமும் இடமும். நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கோ வேளாண்மைக்கோ மட்டுமென ஆக்கப்பட்ட பொருள்களை ஆயுதம் என்ற வரையறையினின்று விலக்கியுள்ளது. ஆகவே, எதற்கென ஆக்கப்பட்டது என்பதைச் சட்டமும் கேட்கிறது. பயன் கருதி ஆக்கியதை வாங்குங்கள். சண்டைக் கோலம் பூண்டதை விடுங்கள். பள்ளி, கல்லூரி, தேர்வுக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றுக்கு எந்தக் கத்தியும் வேண்டாம். பிள்ளைகள் பிரிட்டனில் படிக்கும் குடும்பங்கள் ஒன்றை அறிக: அங்கே தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது, 3 அங்குலத்திற்கு மேற்படாத வெட்டும் விளிம்புள்ள, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே. நம் வயலில் நன்மையான பூட்டு, அந்நாட்டுத் தெருவில் குற்றமாகிறது!

வானூர்தியைப் பற்றிச் சொல்ல நமக்கு ஒரு துயரமே உண்டு. குருமட மாணவராய் நாம் இருந்தபோது, முதிர்ந்த பிரெஞ்சு மறைபரப்பாளர் ஒருவர் தம் கத்தியை நமக்கு ஈந்தார். அவர் நாட்டுச் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் உருவாக்கிய வகை அது. மரப்பிடி, ஓர் அலகு, வேறொன்றும் இல்லை. 1897 முதல் அது எண்ணிட்ட அளவுகளில் வந்தது. 1955இல் திருகிப் பூட்டும் வளையம் சேர்ந்தது. நாம் பெற்றது 8ஆம் எண். அலகின் நீளம் 8.5 சென்டிமீட்டர். அவர் அதனால் ரொட்டி அறுப்பார். நமக்கு மாம்பழம் அரிந்து முதல் துண்டைத் தருவார். அவர் மறைந்தபின்னும் 20 ஆண்டுகளுக்கு மேலாக அது நம் அங்கியின் பையில் இருந்தது. ஒரு பயணத்தின்போது, பெட்டியில் வைக்க மறந்து பையோடு சோதனைச் சாவடிக்குச் சென்றுவிட்டோம். அங்கிருந்த அலுவலர் பணிவோடு அதை வாங்கிக் கூடையில் இட்டார். அவர் தம் கடமையைச் செய்தார். தவறு முழுவதும் நம்முடையதே. அன்று வானில் பறந்த நேரமெல்லாம் வெறும் பையைத் தடவிக்கொண்டிருந்தோம். பயணத்திற்கு முந்திய இரவே கத்தியைச் சரக்காக ஏற்றும் பெட்டியில் இடுங்கள். இயன்றால் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

இறுதியாகப் பேணுதல். மழுங்கிய கத்தியே ஆபத்தானது. அது வெட்டாததால் மிகுதியாக அழுத்துகிறோம், அழுத்தியது வழுக்குகிறது. சாணைக்கல்லில் ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில், இருபுறமும் ஒரே அளவாகத் தீட்டுக. கீலில் மாதம் ஒரு துளி எண்ணெய் இடுக. தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுக்காகும், தையல் இயந்திர எண்ணெய் நன்று. உணவு அரியுமுன் அலகை நன்கு துடைத்திடுக. பிறரிடம் கொடுக்கையில் மடக்கியே கொடுக்கவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே பழக்குங்கள்.

இவற்றைக் கேட்டபின் தந்தை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நானே உன்னோடு கடைக்கு வருகிறேன்" என்றார். அவ்வளவே. அவருடைய அண்ணனின் நினைவு அகன்றுவிட்டதென்று நாம் கருதவில்லை, அகலவும் வேண்டியதில்லை. அந்நினைவோடு அவர் கடைவரை நடந்தார் என்பதுதான் பெரிது. மரப்பிடியும், ஒருபுறக் கூரும், பூட்டும் உடைய கத்தி ஒன்றை இருவருமாய்த் தேர்ந்தெடுத்தனர். கல்லூரிக்குச் செல்லும் நாள்களில் அது தாயின் அலமாரியில் இருக்கவேண்டும் என்பது தந்தையின் கட்டளை, மகன் மறுக்கவில்லை.

சென்ற வாரம் அவர்கள் வயல்வழியே சென்றோம். வரப்பில் உரமூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. தந்தை மூட்டை ஒன்றின் முன் குனிந்து நின்று, தையல் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார். சற்றே தயங்கினார். பின்னர் வாய்க்கால் பக்கம் திரும்பி, "தம்பி, அந்தக் கத்தியைக் கொஞ்சம் கொண்டுவா" என்றார்.

மகன் ஓடிவந்து, கத்தியை மடக்கியபடியே தந்தையின் உள்ளங்கையில் வைத்தான்.