மூன்றாம் தமிழுக்குப் பாடவேளை எங்கே?

முத்தமிழ் என்கின்றோம். மேடையில் முழங்குகின்றோம், மாநாட்டு வளைவுகளில் எழுதுகின்றோம், பிள்ளைகளுக்கு எழுதித் தரும் பேச்சுப் போட்டி உரையில் முதல் வரியாகவே வைக்கின்றோம். இயல், இசை, நாடகம் என்று விரல் மடக்கிச் சொல்லத் தெரியாத மாணாக்கன் தமிழகத்தில் இல்லை. ஆனால், அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் பாடவேளைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இயலுக்குத் தமிழாசிரியன் இருக்கின்றான். இசைக்கு எல்லாப் பள்ளிகளிலும் இல்லையாயினும் சிலவற்றிலேனும் ஆசிரியர் உண்டு. ஓவியத்திற்கு உண்டு. தையலுக்கு உண்டு. உடற்பயிற்சிக்கு உண்டு. நாடகத்திற்கு? ஆசிரியரும் இல்லை, கிழமைக்கு ஒரு பாடவேளையும் இல்லை. மூன்றில் ஒன்றை அறுத்தெறிந்துவிட்டு எஞ்சியதை முத்தமிழ் என்று கூவி விற்கின்றோமே, இதற்குப் பொய் என்பதன்றி வேறு பெயர் உண்டா?

"நாடகந்தான் பாடநூலில் வருகின்றதே!" என்பார் உளர். வருகின்றது. எப்படி வருகின்றது? ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்து ஒரு முறை படிக்கின்றார். அடுத்த நாள் "கதைச் சுருக்கம் வரைக" என்னும் வினாவுக்கு விடை எழுதிப் போடுகின்றார். மாணாக்கர் அதனை நெட்டுருச் செய்து தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு வெளியேறுகின்றனர். பரம்படிக்கும் முறையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு ஓர் உழவனை உருவாக்க முடியுமா என்று எங்கள் ஊர் வயற்காட்டில் போய்க் கேளுங்கள். சிரிப்பார்கள். நாடகத்தில் மட்டும் அதனைச் செய்துகொண்டு, நாடகம் கற்பித்துவிட்டோம் என்று பாடக்குறிப்பேட்டில் கையெழுத்திடுகின்றோம்.

எங்கள் வ. புதுப்பட்டிக்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூர்க் கோயிலில் அரையர் சேவை என்றொரு வழக்கம் உண்டு. தமிழகத்தில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, திருவில்லிபுத்தூர் என விரல்விட்டு எண்ணத்தக்க சில கோயில்களிலேயே அது எஞ்சி நிற்கின்றது. அரையர் தலையில் கூம்பிய குல்லாயும் கையில் தாளமுமாக வந்து நின்று, ஆழ்வார் பாட்டு ஒன்றை முதலில் இசையோடு பாடுவார். பின்னர் அப்பாட்டையே கையாலும் கண்ணாலும் மெய்யாலும் நடித்துக் காட்டுவார். அதன் பின்னரே உரை சொல்வார். இவ்விதழைப் படிப்போருள் கடவுட் கொள்கையில் மாறுபட்டோர் பலர் உளர், அறிவேன். அவர்களைக் கோயிலுக்குள் செல்லுமாறு யான் அழைக்கவில்லை. அம்முறையைக் கோயிலுக்கு வெளியே, பள்ளிக்குள் கொணருமாறு அழைக்கின்றேன். பாட்டு, மெய்ப்பாடு, உரை என்னும் வரிசையைக் காண்க. இசையும் நாடகமும் முன்னே சென்று வழி திறக்க, இயல் பின்னே வருகின்றது. நம் வகுப்பறையிலோ முன்னிரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு மூன்றாவதில் தொடங்குகின்றோம். அவ்வுரையும் நம் உரையன்று. கடையில் விலைக்கு விற்கும் வினாவிடை ஏட்டின் உரை!

சிலம்பில் வழக்குரை காதையை எடுத்துக்கொள்வோம். கண்ணகி பாண்டியன் வாயிலில் வந்து நிற்கின்றாள். வாயிற்காவலன் உள்ளே ஓடி, மன்னனை வாழ்த்தி, வந்திருப்பவள் கொற்றவை அல்லள், பிடாரி அல்லள், காளி அல்லள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லி மறுக்கின்றான். "வாயிலோன் கண்ணகியை யார் யாரோடு ஒப்பிட்டுக் கூறினான்?" என்பது நெடுங்காலமாக நம் தேர்வு வினா. விடை ஒரு பெயர்ப் பட்டியல். ஒரு பெயர் விட்டால் அரை மதிப்பெண் போகும்.

பாடநூலில் இருப்பினும் இல்லாவிடினும் அக்காதையை யான் ஒன்பதாம் வகுப்பில் நடிக்கச் செய்வதுண்டு. ஒருமுறை வாயிலோனாக நின்ற மாணாக்கன் முதலில் அதனைப் பட்டியலாகவே ஒப்பித்தான். "தம்பி, வெளியே நீ கண்டது என்ன?" என்றேன். "தலைவிரி கோலமாய் ஒரு பெண், ஐயா. கையில் ஒற்றைச் சிலம்பு" என்றான். "அவளை உள்ளே விட்டால் அரசன் சினப்பானோ என்ற அச்சம் உனக்கு. விடாவிட்டால் அவள் என்ன செய்வாளோ என்ற அச்சமும் உனக்கு. இப்போது போய்ச் சொல்" என்றேன். இரண்டாம் முறை அவன் குரல் தாழ்ந்தது. ஒவ்வொரு பெயருக்கும் இடையே திரும்பி வாயிலைப் பார்த்தான். அவ்வாறு பார்க்கும்படி யான் சொல்லித் தரவில்லை. இளங்கோவும் எழுதி வைக்கவில்லை. கண்டதற்குப் பெயர் தெரியாமல், தெரிந்த பெயரையெல்லாம் தேடித் தேடித் தள்ளுகின்ற ஓர் எளிய காவலனின் நடுக்கமே அப்பகுதி என்பது, நாற்பது பிள்ளைகளுக்கும் அந்நொடியில் விளங்கிற்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்ணிக் காட்டும் எட்டனுள் அச்சம் ஒன்று என்று அதன் பிறகு சொன்னேன். அதன் பிறகுதான் சொல்ல வேண்டும்.

அரசனாக நடிக்க எல்லாரும் முந்தினர். இறுதியில் அரியணையினின்று வீழ வேண்டும் என்றதும் எல்லாரும் பின்வாங்கினர்! வீழ்ந்து எழுந்த பையன் சட்டையைத் தட்டிக்கொண்டே, "ஐயா, தவறு என்று தெரிந்தவுடனே இவன் ஒத்துக்கொண்டானே, அதற்கு என்ன கரணியம்?" என்று கேட்டான். சிலம்புக்குள்ளிருந்து முத்துத் தெறிக்கும் என்று எண்ணியிருந்தவன்முன் மாணிக்கம் தெறித்த நொடியில் அம்மன்னன் வேறு சொல் தேடவில்லை. தானே கள்வன் என்றான். ஆட்சியிலிருப்போர் பிழையை ஒப்புக்கொள்வது என்னும் செய்தியை ஒரு பதினான்கு அகவைப் பிள்ளை தன் உடம்பால் வீழ்ந்து கற்றான். என் பணிக்காலம் முழுவதும் திருத்திய விடைத்தாள்களில் அக்கேள்வியை யான் கண்டதில்லை.

அவ்வழியே வந்த அலுவலர் ஒருவர் (பெயரும் பதவியும் வேண்டா) வாயிலில் நின்று, "இரைச்சல் மிகுதியாக இருக்கின்றதே, இதற்கு எத்தனை மதிப்பெண்?" என்றார். இரைச்சல் என்றது எதனை? தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் பேசிய ஓசையை!

மதிப்பெண்ணைப் பற்றி அவர் கேட்டதனால் நானும் ஒன்று கேட்கின்றேன். தமிழில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய மாணாக்கனை எழுப்பி நிறுத்தி, "தமிழ் வாழ்க" என்று சொல்லச் சொல்லுங்கள். "தமிள் வாள்க" என்பான். வாழைப்பழம் அவன் வாயில் வாளப்பளம். எங்கள் தென்பாண்டிச் சீமை முழுவதும் ழகரம் ளகரமாய் உருண்டு கிடக்கின்றது. ணகர னகர வேற்றுமையோ எழுத்தில் மட்டும் உயிர் வாழ்கின்றது. எழுத்துத் தேர்வு நாவினைத் தேர்வதில்லை. ஆதலால் நாவினைப் பயிற்றுவாரும் இல்லை. ஒலிப்பு என்பது நூறு முறை உரக்கச் சொல்லி, பிறர் கேட்டுத் திருத்தி, மீண்டும் சொல்லிப் படிய வேண்டிய ஒன்று. அவ்வாறு ஒரே தொடரைச் சலிப்பின்றி நூறு முறை சொல்வதற்குப் பிள்ளைகள் மகிழ்ந்து இசையும் இடம் நாடக ஒத்திகை ஒன்றே. வேறு வழி அறிந்தவர் இருந்தால் எழுதுக, கற்றுக்கொள்கின்றேன்.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. சங்கரதாசு அடிகள் (1867–1922) சிறுவர்களைக் கொண்டு நாடகக் குழுக்கள் அமைத்துப் பயிற்றுவித்தவர். மதுரையில் 1918-இல் அவர் ஆசிரியராயிருந்த குழுவில் தி. க. சண்முகம் உடன்பிறந்தாரோடு சேர்ந்தபோது அவருக்கு அகவை ஆறு. ம. கோ. இராமச்சந்திரன், சிவாசி கணேசன், கலைவாணர் ஆகியோரும் இளமையில் நாடகக் குழுக்களில் வளர்ந்தவர்களே. கல்லூரி வாயிலை மிதியாத இவர்தம் நாவில் நின்ற தமிழ், முதுகலைப் பட்டம் பெற்ற நம்மில் எத்துணைப் பேர் நாவில் நிற்கின்றது? அக்குழுக்களில் பயிற்றுவித்தவரை 'வாத்தியார்' என்றே அழைத்தனர் என்பதையும் எண்ணிப் பார்க்க.

உடனே சிலர், "அக்குழுக்கள் பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்தன, பெற்றோரைப் பிரித்தன, இரவெல்லாம் விழிக்க வைத்து உழைப்பைப் பிழிந்தன" என்பர். உண்மை. அக்கொடுமை மீள வேண்டும் என்று எவனும் கேட்கவில்லை. அவர்கள் பள்ளியைப் பறித்து நாடகத்தைக் கொடுத்தார்கள். நாம் பள்ளியைக் கொடுத்து நாடகத்தைப் பறித்துவிட்டோம். இரண்டையும் ஒருங்கே கொடுப்பதற்கு எது தடை?

"அரங்கு இல்லை, பணம் இல்லை" என்பது அடுத்த சாக்கு. அரங்கேற்று காதையில் இளங்கோ சொல்லும் அரங்கின் அளவைப் பாருங்கள். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். பெருவிரல் ஓர் அங்குலம் எனக் கொண்டால் ஒரு கோல் இரண்டடி. மாதவி ஆடிய அரங்கு பதினான்கடிக்குப் பதினாறடி! நம் வகுப்பறையில் பலகைகளைச் சுவரோரம் ஒதுக்கினால் அந்த இடம் கிடைத்துவிடும். தூணின் நிழல் ஆடுவார்மேல் விழாதவாறு விளக்கு வைக்க வேண்டும் என்றும், மூவகைத் திரை வேண்டும் என்றும் அவர் சொல்லியிருக்கின்றார். நமக்குக் கதிரவன் ஒளி போதும். திரைக்கு இரண்டு வேட்டி போதும். அரங்கை மாணாக்கரே கயிறு பிடித்து அளந்து திடலில் கோடிடட்டும். அன்றைக்குக் கணக்குப் பாடமும் நடந்துவிடும்.

பணம் வேறு வழியிற் செல்கின்றது. ஆண்டு விழா வருகின்றது. ஒலிபெருக்கி கட்டி, உடை வாடகைக்கு எடுத்து, திரைப்பாட்டை அலற விட்டு, அதற்கேற்பப் பத்துப் பிள்ளைகளைக் குலுங்க விடுகின்றார்கள். பிள்ளை வாய் திறப்பதே இல்லை. ஆங்கில வழிப் பள்ளிகளிலோ வாய் திறக்கின்றார்கள். வெள்ளைக்காரப் பாட்டியின் கதையை, பொருள் அறியாத ஆங்கிலத்தில், கிளிபோற் சொல்வதற்கு! முன் வரிசையில் அமர்ந்து கைதட்டுபவர் யார்? மேடையில் முத்தமிழ் முழங்கிய அதே பெருமக்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா என்று போட்டிகள் நடத்துகின்றார்கள். நன்று, யான் குறை கூறேன். பல சிற்றூர்ப் பிள்ளைகள் அதனால் வெளிச்சம் கண்டனர். ஆயினும் போட்டி வேறு, பயிற்று வேறு. போட்டி முன்பே வல்லவனாயிருக்கும் ஒருவனைத் தேடி எடுக்கின்றது. வகுப்பின் கடைசி வரிசையில் பெயர் கூப்பிட்டாலும் எழுந்து விடை கூறக் கூசுகின்ற பிள்ளையைப் போட்டி தேடி வருவதில்லை. நாடகம் வேண்டுவது அப்பிள்ளைக்கு.

கற்பிக்க ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் தோன்றியது. அங்கு நாடகத்துறை அமைந்தது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாசு அடிகள் பெயராலேயே நிகழ்கலைப் பள்ளி இயங்குகின்றது. அங்கெல்லாம் கற்று வெளிவரும் இளைஞர்க்குப் பள்ளியில் பணியிடம் இல்லை. கிணறு வெட்டிவிட்டு வாய்க்கால் வெட்ட மறந்த கதை இது.

ஈழத்தைப் பாருங்கள். அங்கு 'நாடகமும் அரங்கியலும்' என்பது பள்ளிப் பாடம். பொதுத் தேர்வுக்குரிய பாடம். 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணாக்கரைக் கொண்டு நாட்டுக்கூத்துக்குப் புதுவாழ்வு கொடுத்தார். 1978-இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நாடகங்கள் எழுதினார். அவருடைய 'மண் சுமந்த மேனியர்' 1985-இல், குண்டும் கொலையும் சூழ்ந்திருந்த காலத்தில் அரங்கேறிற்று. உயிருக்கே உறுதியில்லாத மண்ணில் நாடகத்துக்குப் பாடவேளை இருந்தது. நெல்லும் நீரும் பள்ளிக் கட்டடமும் உள்ள வத்திராயிருப்புப் பகுதியில் அதற்கு இடமில்லை!

சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர், சூரியநாராயண சாத்திரியார் என்னும் தம் வடமொழிப் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று தனித்தமிழாக்கிக்கொண்ட பெருமகனார், 1897-இல் 'நாடகவியல்' என்னும் இலக்கணம் செய்தார். தாமே நாடகங்களும் எழுதினார். 1903-இல் முப்பத்துமூன்று அகவையில் மறைந்தார். தனித்தமிழுக்கு வழிகாட்டிய அவரே நாடகத் தமிழுக்கும் வழிகாட்டினார் என்பதை அவர் பெயரால் உறுதிமொழி எடுக்கும் நம்மவர் மறந்துவிட்டனர். பிறமொழிச் சொல்லைக் களைவதில் நாம் காட்டும் முனைப்பை யான் மதிக்கின்றேன். என் வாழ்வும் அதில் கழிந்தது. ஆனால் களைந்த பின் நிற்கும் தூய சொல்லைப் பேசுவதற்கு ஒரு வாய் வேண்டுமே! தாளில் மட்டும் வாழும் தனித்தமிழை யார் காப்பாற்றுவார்?

ஆகவே, வரும் சூன் திங்களில் பாடவேளைப் பட்டியல் எழுத அமரும் தலைமையாசிரியர்களுக்கும், அருகிருக்கும் தமிழாசிரியர்களுக்கும் சொல்கின்றேன். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை கிழமைக்கு ஒரு பாடவேளை வேண்டும். நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரும் ஆண்டுக்குள் ஒரு முறையேனும் நின்று பேசியாக வேண்டும். ஒலிப்புக்கும் பேச்சுக்கும் மதிப்பெண் வேண்டும். நாடகக் கல்வி கற்றோர்க்கு ஆசிரியப் பணியிடம் வேண்டும். பின்னிரண்டும் அரசு ஆணையால் வர வேண்டியவை, அவற்றிற்காகப் போராடுவோம். முன்னிரண்டுக்கு ஆணை வேண்டா. நம் தமிழ்ப் பாடவேளைகளுள் ஒன்றை நாமே ஒதுக்கலாம். பட்டியலில் அக்கட்டத்துள் நாடகம் என்றே எழுதுக. 'பொது' என்றும் 'பிற' என்றும் எழுதி மறைக்க வேண்டா.