பெயருக்கு 21, காலுக்கு 13

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் காதில் விழுவது "21 கியர் சார்" என்பதுதான். பிள்ளைக்கு வாங்க வந்த அப்பாவுக்கு அதற்கு மேல் விசாரிக்கத் தோன்றுவதில்லை. 7 கியரைவிட 21 கியர் மூன்று மடங்கு உசத்தி, கியர் கூடினால் வேகம் கூடும், சமதளத்தில் டாப் கியரில் போட்டு அழுத்தவேண்டும், மலை வந்தால் மட்டும் குறைக்கவேண்டும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் ஊறிப்போயிருக்கிறது. கியர் இருப்பதே வேகத்துக்காக என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் வேர். அந்த வேரிலேயே கோளாறு. கால் தனக்குத் தோதான தாளத்தில் சுற்றிக்கொண்டே இருக்கத்தான் கியர். சாலை சாயலாம், காற்று எதிர்க்கலாம், தாளம் மாறக்கூடாது.

முதலில் அந்த 21-ஐப் பிரித்துப் பார்ப்போம். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில் முன்னே 48, 38, 28 பற்கள். பின்னே 14, 16, 18, 20, 22, 24, 28. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்பது கிடைக்கும். 48-ஐ 24-ஆல் வகுத்தால் 2. 28-ஐ 14-ஆல் வகுத்தாலும் அதே 2. 48-க்கு 20 என்றால் 2.4, 38-க்கு 16 என்றால் 2.38; காலுக்கு இரண்டும் ஒன்றுதான். இப்படி ஒட்டி வருபவற்றை ஒன்றாகச் சேர்த்து எண்ணிப் பாருங்கள், மிஞ்சுவது 13. போதாததற்கு, முன்னே பெரியதையும் பின்னே பெரியதையும் சேர்த்துப் போட்டால் செயின் கோணலாக ஓடித் தேயும்.

எண்ணிக்கையைவிட வீச்சு முக்கியம். மேற்சொன்ன சைக்கிளில் மிகக் கனமான கியர் 3.43, மிக லேசானது 1. அதாவது சுமார் மூன்றரை மடங்கு வீச்சு. இன்றைய மலைச் சைக்கிள்கள் பலவற்றில் முன்னே ஒரே ஒரு சக்கரம்தான். அதில் 32 பல்லும் பின்னே 11 முதல் 50 வரை 12 சக்கரமும் இருந்தால் வீச்சு நாலரை மடங்கு. மிக லேசான கியர் 0.64. பன்னிரண்டு இருபத்தொன்றை ஏற்றத்தில் சுலபமாக மிஞ்சிவிடுகிறது. ஆகவே கடையில் "எத்தனை கியர்?" என்று கேட்பதில் பயனில்லை. முன்னே மிகச் சிறியது எத்தனை பல், பின்னே மிகப் பெரியது எத்தனை பல் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் குனிந்து எண்ணிக்கொள்ளலாம்.

கியரைக் குறைத்தால் உழைப்பே குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதனாலேயே கியர் குறைப்பது பலவீனம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு. மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டினாலும் ஒவ்வொன்றாக ஏறினாலும் மாடி அதே உயரம்தான். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏறச் சுமார் 140 வாட் திறன் வேண்டும். எந்தக் கியரானாலும் இது மாறாது. மாறுவது அந்தத் திறனைக் கால் கொடுக்கும் விதம். 1 என்ற கியரில் பெடல் நிமிடத்துக்கு 80 சுற்றை நெருங்கும்; கால் கொடுக்கும் சராசரி அழுத்தம் ஏறக்குறைய 10 கிலோ. முன்னே 44, பின்னே 18 பல் உள்ள பழைய கியரில்லாத ரோட்ஸ்டர் சைக்கிளில் அதே வேகத்துக்குச் சுற்று 31-தான், அழுத்தமோ சுமார் 26 கிலோ. சராசரியே இவ்வளவு என்றால் பெடல் கீழிறங்கும் நொடியில் முட்டி தாங்குவது இன்னும் அதிகம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படி ஏறுவதை வீரம் என்பவர்கள் முட்டியையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

இந்த வீரப்பேச்சு புதிதல்ல. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி டெக்ராஞ்சும் இந்தக் கட்சிதான். சேந்த் எத்தியேன் நகரத்து பால் தெ விவி நூறு ஆண்டுகளுக்கு முன்பே பல கியர்களுக்காக வாதாடியும், ஓடும்போதே செயினைப் பல்லுக்குப் பல் தள்ளிவிடும் கருவிக்கு அந்தப் பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கத்துப் பல்லில் செயினை மாட்டினார்கள். பெல்ஜியப் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் காலத்தில்கூட முன்னே சிறிய சக்கரத்துக்கு 42 பல் சாதாரணம். இன்றைய பந்தயச் சைக்கிள்களில் அது 34, 36 என்று இறங்கிவிட்டது. பின்னே 30, 34 வரை ஏறிவிட்டது. உலகின் பலசாலிக் கால்களே லேசான கியரைத் தேடிப் போயிருக்கின்றன.

சமதளத்தில் டாப் கியர் என்பதற்கும் மெர்க்ஸே பதில். 1972-இல் மெக்சிகோ நகர ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டியபோது அவரிடம் இருந்தது ஒரே கியர்: முன்னே 52, பின்னே 14. அதாவது 3.71. நம் 21 கியர் சைக்கிளின் டாப் அதற்குச் சற்றுத்தான் கீழே! அவர் கால் நிமிடத்துக்கு நூறு சுற்றைத் தாண்டிச் சுழன்றது. அந்த 21 கியர் சைக்கிளின் டாப்பில் பள்ளிக்கூடத்துப் பையன் மணிக்கு 18 கிலோமீட்டரில் போனால் 42 சுற்றுதான் வரும். உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி நெம்புவான். முன்னே நடுச் சக்கரம், பின்னே 20 என்று வைத்தால் அதே வேகத்தில் கால் 75 சுற்று ஓடும். பலருக்கும் 70 முதல் 90 வரை தோதாக இருக்கும்.

சமதளம் என்பதும் பாதிப் பொய். ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவர்மீது அதே வேகத்தில் காற்று எதிரே அடித்தால், காற்றின் தடை நான்கு மடங்காகும். சாலை மட்டமாகத்தான் இருக்கும். காலுக்கு அது மலை. அங்கே கியரைக் குறைக்க வெட்கப்படத் தேவையில்லை.

கியர் என்றாலே ரிப்பேர் என்ற புகாரில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. தஞ்சாவூர் வயல்வெளியில் கடைக்கும் வீட்டுக்கும் போய்வர கியர் இல்லாத சைக்கிளே போதும், செலவும் மிச்சம். ஆனால் பாதிச் சேதம் பழக்கத்தால் வருவது. ஏற்றத்தின் நடுவில் முழுப் பலத்தோடு மிதித்தபடியே லீவரைத் தட்டினால் செயின் கதறத்தான் செய்யும். ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிடவேண்டும். மாற்றும் அந்த அரைச் சுற்றில் கால் சுற்றவேண்டும், அழுத்தக்கூடாது.

ஏற்கெனவே 21 கியர் வாங்கிவிட்டவர்கள் மலைக்காக வேறு சைக்கிள் வாங்கவேண்டியதில்லை. 14 முதல் 34 பல் வரை உள்ள ஏழு கியர் ஃப்ரீவீல் தனியாகவே கிடைக்கிறது. அதை மாட்டினால் முன்னே 28, பின்னே 34 என்று மிக லேசான கியர் 0.82-க்கு இறங்கும். செயினைக் கொஞ்சம் நீளமாக்கவேண்டி வரலாம். பின்னால் செயினைத் தள்ளும் கருவி 34 பல்லைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.