கிருமியற்ற இலக்கியம்

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் வீட்டில் கூடியிருந்தோம். எழுத்தாளர்கள் இருவர், மற்றவர்கள் என்னைப் போன்ற சிற்றிதழ் வாசகர்கள். நண்பர் இசைத்தட்டு சேகரிப்பவர். பழைய எச்.எம்.வி. தட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒன்றை உருவி, இரு உள்ளங்கைகளாலும் விளிம்பைத் தாங்கி, குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோலச் சுழல்தட்டில் வைத்தார். எக்ஸ்ரே ஸ்பெக்ஸ் என்ற லண்டன் பங்க் குழுவின் முதல் ஆல்பம் அது. 1978 நவம்பரில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. பெயர் ‘ஜெர்ம் ஃப்ரீ அடலசன்ட்ஸ்’, அதாவது கிருமியற்ற பதின்பருவத்தினர். உறையில் குழுவினர் சோதனைக் குழாய்களுக்குள் அடைபட்டு நிற்கிறார்கள்.

முதல் பக்கம் ஓடி முடிவதற்குள் தீர்ப்புகள் வந்துவிட்டன. “ஆற்றல் இருக்கிறது, கலை இல்லை” என்றார் ஒருவர். “வெறும் கோஷம்” என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சற்றுத் தாராளமானவர். “அவர்கள் நாட்டுச் சமூகவியல் ஆவணம் என்ற அளவில் மதிக்கலாம். நமக்கும் இதற்கும் என்ன இருக்கிறது?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குழுவின் பாடகி தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் பாலி ஸ்டைரீன். தந்தை சோமாலியர், தாய் வெள்ளையர். 1976 ஜூலை 3 அன்று, தன் பத்தொன்பதாவது பிறந்தநாளில், ஹேஸ்டிங்ஸ் கடற்பாலத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வாசித்ததைக் கேட்டுவிட்டு, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். பற்களில் கம்பி மாட்டியபடியே மேடையேறினார். ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 21. பாடியது பிளாஸ்டிக் பைகளைப் பற்றி, வூல்வொர்த்ஸ் கடையில் வேலை செய்யும் இளைஞரைப் பற்றி, மரபணுப் பொறியியலைப் பற்றி, ஓயாமல் கழுவித் துடைத்துத் தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் ஒரு தலைமுறையைப் பற்றி.

பாலிஸ்டைரீன் என்றால் நமக்கு விளங்காமல் போகலாம். அதை நுரைக்க வைத்தால் கிடைப்பதுதான் தெர்மகோல். சுங்குவார்சத்திரத்திலிருந்து லாரி ஏறும் ஒவ்வொரு குளிர்பதனப் பெட்டியின் மூலையிலும் அது இருக்கிறது. இசைத்தட்டும் பி.வி.சி.தான், வீட்டுக் குழாயின் உறவினர். (நண்பர் அதை அவ்வளவு பயபக்தியுடன் ஏந்தியபோது எனக்குச் சிரிப்பு வந்தது இதனால்தான்.) பண்டங்களால் ஆன உலகத்தை, பண்டத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு, ஒரு பண்டத்தின் மீதே பதித்து விற்றாள் அந்தப் பெண். இதில் நமக்கு ஒன்றும் இல்லையா?

நான் குடியிருக்கும் தெருவில் பாதி வீடுகள் ஆலைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டவை. ஷிஃப்ட் மாறும் வேளையில் ஒரகடம் கூட்டுச்சாலையில் கம்பெனிப் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கும். ஜன்னலோரத்தில் உறங்கும் முகங்களில் பலவும் இருபதைத் தாண்டியிராத பெண்களுடையவை. தலைக்கு உறை, கைக்கு உறை, தூசு படாத அறை. சோதனைக் குழாய் எனக்கு அந்த ஆல்பத்தின் உறையில் புதிதாகத் தெரியவில்லை.

2021 டிசம்பரில் ஐபோன்களைத் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். உடன் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் இரவில் வந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2022 ஜனவரி 12 வரை ஆலை மூடிக் கிடந்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்குக் கீழே இருந்தன என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. கிருமியில்லாத கூடத்தில் பொருள், கிருமியுள்ள சமையலறையில் அதைச் செய்தவள். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சாம்சங் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியத்தோடு அவர்கள் முதன்மையாகக் கேட்டது, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதை. ஓர் அமைப்புக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொள்ளும் உரிமை, அவ்வளவுதான்.

இவை குறித்து நாம் என்ன எழுதினோம்? ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார், சிவகாசிப் பிள்ளைகளுக்காகக் ‘கூட்டுக் குஞ்சுகள்’ எழுதினார். அவரைப் பற்றி நம் விமர்சகர்கள் பேசும்போது குரலில் ஒரு சலுகைத் தொனி வந்துவிடும். “தகவல் அதிகம், கலை குறைவு.” 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராக்கையும் கலந்து முதல்முறை மேடையேறியபோதும் நம் வட்டத்தில் அதே முணுமுணுப்பைக் கேட்டேன். வாக்கியம் மாறுவதே இல்லை, ஆட்கள்தான் மாறுகிறார்கள்.

தொழிலாளர் வாயிலிருந்து வருவதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. பங்க் இசையைப் பாட்டாளியின் குரல் என்று கொண்டாடுவோருக்கும் ஒரு செய்தி உண்டு. 1976 டிசம்பரில், தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசிய செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் தட்டைக் கட்டிவைக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் ஈ.எம்.ஐ.யின் ஹேய்ஸ் ஆலைத் தொழிலாளர்களே. அவர்கள் மறுத்ததும் ஒரு குரல்தான். அதையும் யாரும் பாட்டாக்கவில்லை.

என் புகார் வேறு. இருபது வயதில், அரைகுறைப் பயிற்சியோடு, நேற்று நடந்ததை இன்று சொல்ல ஒருத்திக்கு இடம் தரும் வடிவம் ஒன்று அங்கே இருந்தது. முதல் ஆல்பம் என்பதே அதற்கான அனுமதிச் சீட்டு. பிசிறு தட்டலாம், சுருதி விலகலாம், ஆனால் வெளிவரும். நாமோ முதிர்ச்சி வந்த பிறகு வா என்கிறோம். முதிர்ச்சி வருவதற்குள் ஒப்பந்தம் முடிந்து, ஊருக்குத் திரும்பி, கல்யாணமாகிவிடும். நம் கண்ணாடிக் கூடத்துக்குள் அவளுடைய கிருமி எதுவும் நுழையாது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ஒருவர் கோபுரத்தின் மேலேறி மந்திரத்தை எல்லோர்க்கும் உரக்கச் சொன்ன கதையை மேடைதோறும் சொல்கிறோம். இறங்கி வந்து வாயிற்காவல் பார்க்கிறோம்.

இதில் நான் வெளியாள் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழுக்குப் படைப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வல்லம் பக்கத்து விடுதியிலிருந்து ஒரு பெண் எழுதி அனுப்பியிருந்தாள். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒன்பது தாள்கள். இடைவேளையில் கழிவறை வரிசையில் நின்றபடி, மீதமிருக்கும் நிமிடங்களை எண்ணுவது பற்றி. ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பத்தி. கடைசி நிமிடத்துக்கு ஒரே ஒரு சொல். “அனுபவம் இன்னும் கலையாக மாறவில்லை, தொடர்ந்து வாசியுங்கள்” என்று எழுதித் தாள்களைத் திருப்பி அனுப்பினேன். அந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்குப் பெருந்தன்மையாகக்கூட இருந்தது.

அந்தக் கடைசிச் சொல் என்னவென்று அன்றிரவு பேருந்தில் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. நகல் எடுத்து வைக்கவும் இல்லை.