வானிலும் வேண்டும் முகமன்

ஓர் அவையினுள் புதிதாய் நுழைபவர் அங்கிருப்போருக்கு முந்திக்கொண்டு ஸலாம் உரைத்தல் வேண்டும். அதற்கு மறுமொழி கூறுதல் இருப்போர் கடமை. மார்க்கம் நமக்குக் கற்பித்த இவ்வெளிய ஒழுக்கம் இன்று வானுக்கும் தேவைப்படுகிறது என்பதே நம் கருத்து.

1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதின. 349 உயிர்கள் பறிபோயின. கஜகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்தினின்று கீழிறங்கியதே காரணம் என்று விசாரணை கண்டது. எனினும், நெருங்கிவரும் விமானத்தைக் காட்டி எச்சரிக்கும் கருவி இரண்டிலும் இருக்கவில்லை. அதன் பின்னரே இந்திய வானில் அக்கருவி கட்டாயமாயிற்று.

இன்று அவைக்குப் புதியவராய் வந்திருப்பது ட்ரோன் எனும் ஆளில்லா வானூர்தி. 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பெருந்தீயை அணைக்கக் கனடாவிலிருந்து வந்திருந்த விமானத்தின் இறக்கையை ஒரு சிறு ட்ரோன் துளைத்தது. அதனை ஏவியவர் இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால் செலுத்திக் கண்பார்வையினின்று தவறவிட்டிருந்தார். விமானம் பத்திரமாய்த் தரையிறங்கியது இறையருளே. ஆயினும், தீயின் நடுவே அது பழுதுற்று முடங்கியது.

ஏன் இந்நிலை? அமெரிக்காவில் விமானங்கள் தம் இருப்பிடத்தை நொடிதோறும் அறிவிக்கும் ஏடிஎஸ்-பி கருவி, 2020 முதல் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்பரப்பில் கட்டாயம். சிறு ட்ரோன்கள் அதனைப் பயன்படுத்தினால் அலைவரிசை நெரிசலுறும் என்று, வைஃபை, புளூடூத் வழியே அறிவிக்கும் ரிமோட் ஐடி முறையை அவற்றுக்கு வகுத்தனர். அக்குரல் தரையில் உள்ளோருக்கே கேட்கும். விமானியின் செவிக்கு எட்டாது. ஒரே அவையில் இரு மொழிகள்! ஊர்ப்புற வானிலோ, எக்கருவியுமின்றிப் பறக்கும் சிறு விமானங்களும் உள.

கண்ணுக்கெட்டாத் தொலைவில் இயங்கும் ட்ரோன்கள், இருப்பிடம் அறிவிக்காத விமானங்களுக்குப் பல இடங்களில் வழிவிட வேண்டியதில்லை என்று அமெரிக்க வான்போக்குவரத்துத் துறை 2025 ஆகஸ்டில் ஒரு வரைவு விதியை முன்வைத்தது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. ட்ரோன் வீழ்ந்தால் அழிவது பொறி. விமானம் வீழ்ந்தால் அழிவது உயிர். ஆகவே, மௌனமாய் வரும் விமானத்தையும் கண்டுணர்ந்து விலகுதல் ட்ரோனின் கடனே.

அதற்காக, விமானி மௌனமாகவே இருக்கலாம் என்பதுமன்று. மலிவான அறிவிப்புக் கருவியேனும் அவரிடம் இருத்தல் வேண்டும். செலவுக்கு அஞ்சுவோர்க்கு அரசு கைகொடுக்கலாம். பிரிட்டன் 2020-இல் இத்தகைய கருவியின் விலையில் பாதியை, 250 பவுண்டு வரை, திருப்பித் தர முன்வந்தது, நல்ல முன்மாதிரி.

முகமன் கூற முந்துவதில் சிறுமை இல்லை. மறுமொழி கூற மறுப்பதில் பெருமையும் இல்லை. அறிவியல் பயிலும் நம் மாணவச் செல்வங்கள், இருசாராரும் புரிந்துகொள்ளும் பொதுமொழி ஒன்றை வானுக்கு ஆக்கித் தருவார்களாக! வல்ல இறைவன் அதற்குத் துணை நிற்பானாக!