பத்து ரூபாய் விண்ணப்பமும் ஜவ்வாது மலைச் செடியும்

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டது என்பதற்காகத் தறியில் உட்காருகிறவர் அதைத் தன் சேலையில் ஒட்டிவிட முடியாது. 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். முன்பு அதற்குக் கட்டணம் 500 ரூபாய். அதோடு, குறியீட்டைத் தன் பெயரில் வைத்திருக்கும் அமைப்போடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். கூலிக்கு நெய்கிறவர், வேலையை விட்டுவிட்டு யாரிடம் போய்க் கையெழுத்து கேட்டு நிற்பார்?

2020-ல் மத்திய அரசு இந்த விதியைத் திருத்தியது. கட்டணம் 10 ரூபாய் ஆனது. சேர்ந்து விண்ணப்பிக்கும் நிபந்தனையும் போனது. சட்டம் அதே 1999-ம் ஆண்டுச் சட்டம்தான். மாறியது விண்ணப்பம் போடும் வழி மட்டுமே.

இதே கணக்கை இன்னொரு பொருளுக்கும் போட்டுப் பார்க்க வேண்டிய காலம் நெருங்குகிறது. பெயரைக் கேட்டதும் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கஞ்சாச் செடி.

ஆரணிக்கு மேற்கே தெரிகிற ஜவ்வாது மலையில் வெள்ளைக்காரன் காலத்தில் அரசின் கண்காணிப்போடு இந்தச் செடி பயிரானது. அன்றைய மதுரை மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலும், ஆந்திரத்தில் பாபட்லா பக்கமும் அப்படியே. மலையில் அறுத்ததை வேலூர் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். ஊருக்கு ஊர் விற்கும் உரிமை ஏலத்தில் போனது. ஏலம் எடுக்கப் பணம் வைத்திருந்தவர் கடைக்காரர் ஆனார். மலையில் களை பறித்தவர் மலையிலேயே இருந்தார். 1893-94-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த விசாரணைக் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டுவிட்டு, முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுக்குள் வைத்தால் போதும் என்று சொன்னது. அரசுக்கு வருமானம் வரும் வழியையும் அந்தக் குழு மறக்கவில்லை!

சுதந்திர இந்தியா 1985-ல் போதைப்பொருள் சட்டம் கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் இந்தச் செடியை வளர்த்தால் 10 ஆண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டால் குறைந்தது 10 ஆண்டு. அதே 1985-ல்தான் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் வந்தது என்பது ஆரணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்கிய சட்டம் அது. விசைத்தறியில் ஓடும் 'கைத்தறி' சேலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒதுக்கீடு எவ்வளவு காப்பாற்றியது என்பது தெரியும்.

போதைப்பொருள் சட்டத்திலேயே ஒரு கதவு திறந்துதான் இருக்கிறது. நாருக்கும் விதைக்கும் இந்தச் செடியைப் பயிரிட அரசு அனுமதிக்கலாம். உத்தராகண்ட் 2018-ல் அந்தக் கதவைத் தட்டியது. போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. தாண்டினால் பயிரை அழிக்க வேண்டும். நம் வயல்களில் தழை உரத்துக்கு விதைக்கிற சணப்பை இதுவல்ல. அது வேறு குடும்பம். விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க 2021-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. நாரோ நூலாகவும் துணியாகவும் ஆகிறது. நூலையே நம்பி வாழும் ஊருக்கு இது காதில் விழாமல் போகாது.

சிக்கல் உரிமத்தில். உத்தராகண்டில் முதல் உரிமம் போனது ஒரு தொழில் சங்கத்துக்கு. அந்த மலைகளில் தானாக வளரும் நாட்டு ரகத்தில் போதைப்பொருள் வரம்பைத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் விதை வெளியிலிருந்து வர வேண்டும், பயிரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அளவு கூடினால் நஷ்டத்தையும் தாங்க வேண்டும். அரை ஏக்கர்காரர் இதில் எந்தப் படியில் நிற்பார்?

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் இதை நேராகவே சட்டத்தில் எழுதியது. அங்கே பெரியவர்களின் கேளிக்கைக்கே அனுமதி உண்டு. அது நமக்கு வேண்டாத வழி. ஆனால் உரிமம் யாருக்கு என்பதில் பாடம் இருக்கிறது. 2021 சட்டப்படி, பாதி உரிமங்கள் பின்தங்கியவர்களுக்குப் போக வேண்டும் என்பது இலக்கு. பழைய சட்டத்தில் தண்டனை பெற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் 2022-ல் முதல் கடை உரிமங்கள் போயின. உடல் ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினர், 'சட்டத்தில் எங்கள் பெயரும் இருக்கிறதே' என்று வழக்குப் போட, 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் உரிமங்களை நிறுத்தி வைத்தது. கடைக்கு வாடகை கொடுத்துக் காத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் தவித்தார்கள். நல்ல எண்ணம் இருந்தும் விதியை அவசரத்தில் எழுதியதால் வந்த வினை.

தமிழ்நாட்டில் இன்று காவல்துறையின் 'கஞ்சா வேட்டை'தான் நடக்கிறது. பள்ளி வாசல் வரை பொட்டலம் வருகிற நிலையில் அது தேவையும்கூட. நாருக்கான உரிமம் என்று ஒருநாள் பேச்சு வந்தால், கேட்க வேண்டியவை சில உண்டு. வன உரிமைச் சட்டப்படி நிலம் பெற்ற ஜவ்வாது மலைக்காரரின் பத்திரம் செல்லுமா? சோதனைச் செலவு யாருடையது? விண்ணப்பம் தமிழில் இருக்குமா? பயிர் வரம்பைத் தாண்டிவிட்டால் விவசாயி மீது வழக்கா, வெறும் பயிர் அழிப்பா?

இமாச்சலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில் முன்னோட்ட ஆய்வுக்கு ஒப்புதல் தந்தது. பொறுப்பு பாலம்பூர், நவ்னி பல்கலைக்கழகங்களிடம். ஜமுனாமரத்தூர்ச் சரிவுகளில் இப்போதைக்குச் சாமைதான்.