உரிந்த வண்ணம்

எங்கள் மஹல்லாவாசி ஒருவர், விலைக்கு விடவிருந்த பழைய டிராக்டரின் பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் புது வண்ணம் பூசினார். இரண்டே மழையில் அது சருகாய் உரிந்தது. "பெயின்ட் போலி, ஹஜ்ரத்" என்று வருந்தினார்.

உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் அதுவே சாட்சி சொல்லும். அடிப்புறத்தில் செம்பொடி ஒட்டியிருந்தால், துருவின் மீதே பூசப்பட்டிருக்கிறது. உரிந்த இடத்தில் தகடு பளிச்சென்று தெரிந்தால், எண்ணெய்ப் பசை நீங்கவில்லை. அல்லது தகட்டைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கவில்லை. பழைய வண்ணமும் சேர்ந்து வந்தால், தளர்ந்திருந்த அதனைச் சுரண்டாமல் விட்டதே காரணம்.

பரிகாரம் எளிது. முதலில் கிரீஸையும் டீசலையும் கழுவ வேண்டும். பின்னரே 80ஆம் எண் உப்புத்தாளால் துருவைத் தேய்த்தெடுத்து, 220ஆம் எண் தாளால் ஓரங்களைச் சரிவாக்க வேண்டும். தூசு துடைத்து, ஈரம் உலர்ந்ததும் அன்றே பிரைமர் பூசுக. வெற்றுத் தகடு பனியிலேயே மீண்டும் துருப்பிடிக்கும்.

அவர் காட்டிய துண்டில் செம்பொடி இருந்தது. "விற்கும்வரை நின்றால் போதுமென்று நினைத்தேன்" எனத் தலைகுனிந்தார்.

தானியக் குவியலுள் கை நுழைத்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்ததை அடியில் மறைத்த வணிகரைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதனை நினைவூட்டினேன்.

இம்முறை அவர் தகடுவரை தேய்த்தார். துரு தின்ற ஓட்டைகளை வாங்க வந்தவரிடம் காட்டிய பின்னரே விலை பேசினார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக!